தேமல் என்று விட்ட திட்டு: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் தொழுநோயும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தோல் நோய்களைக் கண்டறிவதிலும் குணப்படுத்துவதிலும் ஏற்பட்டுள்ள முன்னேற்றங்கள் என்பது இன்றைய கருத்தரங்கின் பொருள். எனக்கு முன் பேசிய மருத்துவர்கள் லேசர் சிகிச்சையைப் பற்றியும், காளாஞ்சகப்படைக்கு வந்துள்ள புதிய ஊசிமருந்துகளைப் பற்றியும் அழகாக எடுத்துச் சொன்னார்கள். நான் மருத்துவன் அல்லன், வரலாறு படிப்பவன். ஆகவே உங்களைச் சற்றுப் பின்னோக்கி அழைத்துச் செல்ல அனுமதி கேட்கிறேன். ரந்தாவ், சிலியாவ், லாபு, நீலாய், பஹாவ், கெமஞ்சே என்று நெகிரி செம்பிலான் மாநிலம் முழுவதும் பரவிக் கிடந்த ரப்பர் தோட்டங்களுக்குப் போவோம். அங்கே நம் மக்களை எந்தத் தோல் நோய் அதிகமாக வருத்தியது என்று கேட்டால் சொறி, சிரங்கு, படை, சேற்றுப்புண் என்றுதான் பதில் வரும். ஆனால் எந்தத் தோல் நோய் அவர்களை அதிகமாக அச்சுறுத்தியது என்று கேட்டுப் பாருங்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். சிலர் அந்தப் பெயரையும் சொல்லாமல் ‘பெருநோய்’ என்பார்கள்.

தொழுநோயைத்தான் சொல்கிறேன். மலாய்க்காரர் ‘குஸ்தா’ என்கிறார்கள். நம் முன்னோர் ‘குட்டம்’ என்றார்கள். இரண்டும் வடமொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. அச்சத்துக்கு இங்கே இனவேறுபாடு இருந்ததில்லை.

தோட்டத்து வாழ்க்கையில் தோலைக் கவனிக்க யாருக்கு நேரம் இருந்தது? விடியுமுன் பெரட்டுக்களம். பிறகு நிரை பிடித்து வெட்டு. மங்கிலிருந்து பால் எடுத்து வாளியில் சுமந்து கொட்டகை சேர்த்துவிட்டு வந்தால் நடுப்பகல் ஆகிவிடும். கொசுக்கடி, அட்டைக்கடி, லாலான் புல் கீறிய கோடுகள், கத்தி பட்ட காயங்கள், ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் பட்ட எரிச்சல் எல்லாமே தோலில் எழுதப்பட்டிருக்கும். இத்தனைக்கும் நடுவில் முதுகிலோ தொடையிலோ வெள்ளிக்காசு அளவில் ஒரு வெளிறிய திட்டு வந்தால் அதை யார் பொருட்படுத்துவார்? அது அரிப்பதில்லை, வலிப்பதில்லை, எரிவதும் இல்லை. தேமல் என்று விட்டுவிடுவார்கள். படையென்று சொல்லிச் சீமை அகத்தி இலையை அரைத்துத் தேய்ப்பார்கள்.

இந்த நோயின் வஞ்சகமே அங்கேதான் இருக்கிறது. மற்றத் தோல் நோய்கள் அரிப்பாலும் வலியாலும் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். இதுவோ உணர்ச்சியை எடுத்துவிட்டு வருகிறது. தோலில் தெரிந்தாலும் இது உண்மையில் நரம்பின் நோய். கிருமி குளிர்ந்த இடங்களில் நன்றாக வளரும். காது மடல், மூக்கு, முழங்கை, கைகால் விரல்கள் பாதிக்கப்படுவது அதனால்தான். கையில் உணர்ச்சி போன வெட்டுக்காரருக்கு உளி கிழித்தது தெரியாது. சமைக்கும் பெண்ணுக்குச் சட்டி சுட்டது தெரியாது. காயம் ஆறாமல் புண்ணாகி, புண் எலும்பு வரை போய், விரல் குறுகிவிடும். நோய் விரலைத் தின்றுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பார்க்கப் போனால், வலி இல்லாமைதான் விரலைத் தின்றது. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்குத் தசைநாண் அறுவை செய்யத் தொடங்கிய பிறகுதான் இந்த உண்மை உலகுக்குப் புரிந்தது.

கப்பலில் தெரியாத நோய்

நோய்க் கிருமியை நார்வே நாட்டின் பெர்கன் நகரில் டாக்டர் ஆர்மவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்துவிட்டார். மனிதருக்கு நோய் தரும் நுண்ணுயிரிகளில் மிக முன்னதாகவே அடையாளம் காணப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் கண்டுபிடித்தும் பயன் இல்லை. இந்தக் கிருமியைச் சோதனைக்கூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை. அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. மிக மெதுவாக வளரும் கிருமி இது. ஒன்று இரண்டாவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். உடலுக்குள் புகுந்து அடையாளம் காட்டுவதற்குச் சராசரியாக ஐந்தாண்டு, சிலரிடம் இருபது ஆண்டுகூட ஆகலாம்.

இதை நம் மக்களின் பயணத்தோடு சேர்த்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் தொழிலாளர்களை மருத்துவர் பார்த்தார். கப்பல் இறங்கிய துறைமுகத்திலும் தடுப்பு முகாமில் வைத்துப் பார்த்தார்கள். அம்மையையும் காலராவையும் அப்படிப் பிடிக்கலாம். தொழுநோயைப் பிடிக்க முடியாது. வடஆற்காட்டிலோ செங்கல்பட்டிலோ சிறுவயதில் ஒருவருக்குத் தொற்றியது, அவர் சிரம்பான் வந்து, கங்காணியிடம் பேர் பதிந்து, கல்யாணமும் முடித்து, பிள்ளை பெற்ற பிறகு திட்டாக வெளிவந்திருக்கும். அதற்காக இது தமிழர் கொண்டுவந்த நோய் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். சுங்கை பூலோவில் சீன நோயாளிகளே பெரும்பான்மையாக இருந்தார்கள், மலாய்க்காரரும் இருந்தார்கள். ஏழ்மையும் நெருக்கமான குடியிருப்பும் எங்கே இருந்தனவோ அங்கே நோய் இருந்தது. பத்தடிக்குப் பத்தடி லயத்து அறையில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழுந்ததை இங்கே பலரும் அறிவோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூறு பேரில் ஏறத்தாழ தொண்ணூற்றைந்து பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே இருக்கிறது. கணவனுக்கு நோய் இருந்து மனைவிக்கு வராமலே போன குடும்பங்கள் ஏராளம். இந்த விவரம் அன்றே மக்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்திருக்க மாட்டா.

சட்டமும் பள்ளத்தாக்கும்

கூட்டு மலாய் மாநிலங்கள் நான்கில் நெகிரி செம்பிலானும் ஒன்று. 1926இல் அந்த மாநிலங்களில் தொழுநோயாளர் சட்டம் வந்தது. நோய் உறுதியானால் தனிமைப்படுத்தப்பட்ட இடத்துக்குப் போயாக வேண்டும். அதற்கு முன் கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் இருந்த நோயாளர் விடுதி சிறைக்கூடத்தைவிட மேலானதாக இருக்கவில்லை. அதைப் பார்த்து மனம் பொறுக்காதவர் டாக்டர் ஏர்னஸ்ட் டிரேவர்ஸ். நோயாளிக்கும் வீடும் தோட்டமும் தொழிலும் மரியாதையும் வேண்டும் என்று வாதாடினார். அதன் விளைவாக 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. 560 ஏக்கருக்கு மேற்பட்ட பள்ளத்தாக்கு அது. சிறுசிறு வீடுகள், பள்ளிக்கூடம், சந்தை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், காவல் நிலையம், ஏன், சிறைச்சாலையும்கூட உள்ளேயே இருந்தன. 1930களில் உள்ளே மட்டும் செல்லும் தனிப் பணத்தாள்கூட அச்சிட்டார்கள். பின்னாளில் அங்கே வாழ்ந்தோர் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று அதற்குப் பெயர்.

டிரேவர்ஸின் நல்லெண்ணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தக் காலத்தில் உலகில் எங்கும் இருந்ததைவிட அது மேலான ஏற்பாடுதான். ஆனாலும் சட்டம் சட்டம்தான். உள்ளே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி இல்லத்தில் வைத்தார்கள்; பல குழந்தைகளைத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் சிலர் முதுமையில் தம் பெற்றோரைத் தேடிக்கொண்டு சுங்கை பூலோவுக்கு வந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

இப்போது மறுபடியும் தோட்டத்துக்கு வருவோம். தோட்ட நிர்வாகம் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. பெரிய தோட்டங்களில் சிறு ஆஸ்பத்திரி இருக்கும். சில தோட்டங்கள் சேர்ந்து ஒரே ஆஸ்பத்திரி வைத்திருக்கும். வெள்ளைக்கார டாக்டர் குறிப்பிட்ட நாளில் மட்டும் வந்து போவார். அன்றாடம் இருந்தவர் ‘டிரெசர்’ என்று நம் மக்கள் அழைத்த ஆஸ்பத்திரி உதவியாளர்தான். பெரும்பாலும் தமிழரோ மலையாளியோ இருப்பார். சிரங்குக்குக் கந்தகக் களிம்பு, படைக்கு ஊதா மருந்து, காய்ச்சலுக்குக் கொய்னா, எல்லாம் அவர் கையில். தோட்டத்தின் மருத்துவ அறிவு அத்தனையும் இவரை நம்பித்தான் இருந்தது. 1965இல் இவர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் இவர்களுடைய பங்களிப்பை எழுத இதுவரை நம்மில் யாரும் சரியாக முன்வரவில்லை என்பது என் மனக்குறை.

இந்த டிரெசருக்கு இருந்த சோதனை எளியது. இன்றைய நிபுணரும் முதலில் அதைத்தான் செய்கிறார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டைத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேட்பது. தேமலில் தொடுவது தெரியும். படையில் தெரியும். வெண்குஷ்டம் என்று தவறாகப் பெயர் வாங்கிய வெண்புள்ளியிலும் தெரியும். தெரியாவிட்டால் சந்தேகம். பிறகு முழங்கையின் உட்பக்கத்திலும் கழுத்தின் பக்கவாட்டிலும் நரம்பு கயிறுபோல் தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு காது மடலில் சிறு கீறல் போட்டுத் திரவம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியும்.

பஞ்சுக்கும் நுண்ணோக்கிக்கும் பெரிய செலவு இல்லை. இல்லாமல் போனது வேறு. டிரெசரிடம் திட்டைக் காட்டினால் அடுத்து என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பெயர் மேலே போகும். வண்டி வரும். சுங்கை பூலோ. வேலை போகும், லயத்து வீடும் வேலையோடு சேர்ந்தது, அதுவும் போகும். தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. நீங்களாக இருந்தால் காட்டுவீர்களா? சட்டைக் கையை நீளமாக்கிக்கொண்டார்கள். முகத்தில் தடிப்பு வந்த பிறகு, மறைக்க முடியாத நிலையில்தான் பிடிபட்டார்கள். பிடிபட்டார்கள் என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நோயாளியைக் குற்றவாளிபோல் நடத்திய சட்டம் நோயைக் கண்டறியும் வேலைக்கே குறுக்கே நின்றது.

நீரடிமுத்திலிருந்து சல்ஃபோனுக்கு

அக்காலத்தில் இருந்த ஒரே மருந்து நமக்குப் புதியதல்ல. நம் சித்த வைத்தியர்கள் அறிந்த நீரடிமுத்தின் இனத்தைச் சேர்ந்த மரவிதைகளின் எண்ணெய்தான். குடித்தால் குமட்டும். ஊசியாகப் போட்டால் எண்ணெய் கட்டிப் புண்ணாகும். ஹவாயில் ஆலிஸ் பால் என்னும் இளம் கறுப்பினப் பெண் வேதியியலாளர் 1915 வாக்கில் அந்த எண்ணெயை உடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றினார். அவர் இறந்தது 24 வயதில். சுங்கை பூலோவிலும் அந்த எண்ணெய் ஊசிதான் வாரந்தோறும். சிலருக்குத் திட்டு மங்கியது. பெரும்பாலோருக்குப் பயன் தெரியவில்லை. பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது. தோட்டத்தில் இருந்தவர்களைச் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துப் போன அதே காலத்தில் பள்ளத்தாக்குக்குள் உணவும் மருந்தும் இல்லாமல் பலர் மடிந்தார்கள்.

திருப்பம் அமெரிக்காவில் தொடங்கியது. லூசியானாவின் கார்வில் மருத்துவமனையில் 1941இல் டாக்டர் கை ஃபாகெட் சல்ஃபோன் வகை மருந்தைச் சோதித்தார். அதன் மூலப்பொருளான டாப்சோன் மலிவானது. ஆனால் நச்சு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தவர்களில் ஒருவர் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன். சுங்கை பூலோவில் மோல்ஸ்வொர்த்தும் நாராயணசாமியும் 100 நோயாளிகளுக்கு ஓராண்டு டாப்சோன் கொடுத்து அதன் விளைவை 1949இல் வெளியிட்டார்கள். நம்மிடையே இந்தப் பெயர்கள் ஏன் மறந்துபோயின என்று எனக்குப் புரியவில்லை.

சில சென் விலைகொண்ட மாத்திரை ஒன்று மூவாயிரம் ஆண்டு நோயை அடக்கியது. குணமானவர்கள் வெளியே போகத் தொடங்கினார்கள். போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள் என்பதும் உண்மை. நோய் திரும்பியதால் அல்ல, ஊர் ஏற்காததால். அப்படித் தங்கியவர்கள் பூச்செடி வளர்த்து விற்கத் தொடங்கியதன் தொடர்ச்சிதான் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வார இறுதியில் ரோஜாத் தொட்டி வாங்கப் போகும் சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகள்.

‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை’

இனி நான் சொல்லப்போவது மருத்துவ நூல்களில் இடம்பெற்ற, ஆனால் நம் நாட்டவரே அதிகம் அறியாத செய்தி.

டாப்சோன் வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சுங்கை பூலோவில் சில நோயாளிகளுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நோய் மறுபடி தலைதூக்கியது. இந்த நிலையில் எந்த மருத்துவருக்கும் முதலில் எழும் ஐயம் எது? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஏழை நோயாளிமீது இந்தப் பழி எளிதாக விழும். மருந்து தோற்றிருக்கலாம் என்று நிரூபிக்க வழியும் இல்லை. கிருமியைத்தான் தட்டில் வளர்க்க முடியாதே.

இரண்டு கண்டுபிடிப்புகள் வழி திறந்தன. 1960இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் ஷெப்பர்ட் இந்தக் கிருமியை எலியின் பாதத்தில் வளர்க்க முடியும் என்று காட்டினார். சுங்கை பூலோ ஆய்வுப் பிரிவில் இருந்த டாக்டர் மைக்கேல் வாட்டர்ஸ், லண்டன் டாக்டர் ரீஸுடன் சேர்ந்து 1962இல் இன்னொன்றைச் சொன்னார். நுண்ணோக்கியில் சீராகச் சாயம் ஏறிய குச்சிகள் உயிருள்ளவை. துண்டு துண்டாகத் தெரிபவை செத்தவை. இதனால் மருந்து வேலை செய்கிறதா என்று சில மாதங்களில் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

டாக்டர் ஜான் பெட்டிட் ஐயத்துக்குரிய நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார். மருத்துவப் பணியாளர் கண்ணெதிரே மாதக்கணக்கில் முழு அளவு டாப்சோன் கொடுக்கப்பட்டது. சாப்பிடவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியும் உயிருள்ள கிருமிகள் குறையவில்லை. அவர்களின் தோலிலிருந்து எடுத்த சிறு துணுக்குகள் விமானத்தில் லண்டனுக்குப் போயின. அங்கே ரீஸ் எலிகளின் பாதத்தில் ஏற்றி, எலிகளின் தீவனத்திலேயே டாப்சோனைக் கலந்து கொடுத்தார். மருந்து தின்ற எலிகளிலும் கிருமி வளர்ந்தது. 1964இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. தொழுநோய்க் கிருமி டாப்சோனை வெல்லக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு உலகின் முதல் உறுதியான சான்று அது. சான்று கொடுத்தது சுங்கை பூலோ நோயாளிகளின் தோல்.

அவர்களின் பெயர்கள் அந்தக் கட்டுரையில் இல்லை. மருத்துவ மரபுப்படி இருக்கவும் கூடாது. நான் நினைத்துப் பார்ப்பது வேறு. மருந்து சாப்பிடாதவர்கள் என்ற ஐயத்தைச் சுமந்தவர்கள் தம் உடலைக் கொடுத்து உண்மையை நிலைநாட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்து சில நாள்களிலேயே தொழுநோய்க் கிருமியின் தொற்றும் ஆற்றலை ஒழித்துவிடுகிறது என்ற 1970ஆம் ஆண்டு ஆய்வும் இங்கேதான் நடந்தது. பத்தாண்டு விடாமல் டாப்சோன் எடுத்தவர்கள் உடலிலும் உறங்கிக் கிடக்கும் கிருமிகள் உண்டு என்ற 1974ஆம் ஆண்டு ஆய்வும் இங்கேதான். ஒரே மருந்து போதாது என்ற முடிவுக்கு உலகம் வந்ததற்கு இவை அடித்தளம். 1981இல் கூடிய உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. மலேசியா 1985 முதல் அதைக் கடைப்பிடித்தது.

அதற்கு முன்பே, 1969இல், தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. நோயாளி பள்ளத்தாக்குக்குப் போக வேண்டிய நிலை மாறி, மருந்து நோயாளி இருக்கும் இடத்துக்கு வந்தது. கூட்டு மருத்துவம் எளிய ஏற்பாடு. மாதத்தில் ஒரு நாள் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் மூன்று மருந்துகள். மற்ற நாள்களில் வீட்டிலேயே மாத்திரை. கிருமி குறைவான வகைக்கு 6 மாதம், மிகுந்த வகைக்கு 12 மாதம். ஒரு சங்கடம் உண்டு. குளோஃபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக, சிலரிடம் கரேலென்று ஆக்கிவிடும். மருந்தை நிறுத்திய பிறகு நிறம் மெல்லத் திரும்பும். ஆனால் ஏற்கெனவே நோயை ஊருக்கு மறைக்கும் ஒருவருக்கு முகம் கறுப்பது சின்ன விஷயமா? முன்கூட்டியே சொல்லித் தேற்றாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்பதை மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நன்கறிவார்கள்.

1994இல் மலேசியா, பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளி என்ற அளவுக்கும் கீழே வந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் அதன் பெயர் ‘ஒழிப்பு’. அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. கணக்கில் ஒழிந்தது, தோலில் ஒழியவில்லை. அதற்குப் பின்னரும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டே வந்திருக்கிறார்கள்.

இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 2001இல் தொழுநோய்க் கிருமியின் முழு மரபணு வரிசையும் வெளியிடப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்ட கிருமி வகை தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது. அறிவியலாளர் அதற்கு வைத்த பெயரிலேயே தமிழ்நாட்டின் முதலெழுத்துகள் உள்ளன. படித்துப் பார்த்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் செயலிழந்து கிடந்தன. தனியே பிழைக்கும் திறனைத் தொலைத்துவிட்டு மனித உடலை நம்பி வாழும் கிருமி. தட்டில் வளராததற்குக் காரணம் ஒருவாறு விளங்கியது. எலியின் பாதத்தில் பல மாதம் காத்திருந்து பார்த்த மருந்து எதிர்ப்பை இன்று மரபணுச் சோதனையில் சில நாள்களில் அறியலாம்.

செம்பனைக்குள் மறுபடியும்

நெகிரி செம்பிலான் தோட்டங்கள் மாறிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாயிலும் லாபுவிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் பெரும்பாலோர் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். சிரம்பானில் இன்று துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் தனித் தோல் மருத்துவப் பிரிவே இருக்கிறது. ஒருவர் காலையில் திட்டைக் காட்டினால் அங்கேயே கீறல் சோதனையும் திசுச் சோதனையும் செய்துகொள்ளலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் காலையில் லயத்து வாசலில் நின்று முதுகைப் பார்த்த டிரெசர் இல்லை.

செம்பனைக் காட்டில் குலை அறுப்பவர்களும் உரம் போடுபவர்களும் இன்று பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசியர், நேப்பாளியர், இந்தியர். அவர்கள் நாடுகளிலும் தொழுநோய் உண்டு. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். மலேசியாவில் கண்டறியப்படும் புதிய நோயாளிகளிலும் அயல்நாட்டுத் தொழிலாளர் கணிசமான பங்கினர். 1997 முதல் அவர்களுக்குக் கட்டாய மருத்துவச் சோதனை நடக்கிறது. அந்தச் சோதனையில் தேறாதோர் நாடு திரும்ப வேண்டிய நோய்ப் பட்டியலில் தொழுநோயும் இடம்பெற்றது.

நாகப்பட்டினத்துக் கப்பலை நினைத்துப் பாருங்கள். ஐந்தாண்டு, பத்தாண்டு மறைந்திருக்கும் நோயை நுழைவாயில் சோதனை எப்படிப் பிடிக்கும்? வந்து சில ஆண்டுகள் கழித்துத் திட்டு தெரிகிறது. தெரிந்தால் வேலை அனுமதி போகும். இடைத்தரகருக்குக் கொடுத்த கடன் ஊரில் காத்திருக்கிறது. அந்தத் தொழிலாளி என்ன செய்வார்? 1930களில் நம் பாட்டன் செய்ததையே செய்வார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார். களைக்கொல்லி தெளித்துத் தெளித்துத் தோல் வெடித்த கைகளில் இன்னொரு திட்டை மேற்பார்வையாளரும் கவனிக்கமாட்டார். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2002இல் தடை, 2006இல் தளர்வு, மறுபடி 2020 முதல் முழுத்தடை என்று அலைக்கழிந்த கதையை இன்னொரு நாள் பேசலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அனுப்பிவிடுவதற்கு மருத்துவக் காரணமே இல்லை. முதல் வேளை ரிஃபாம்பிசின் உள்ளே போன சில நாள்களில் தொற்று நின்றுவிடுகிறது. மருந்தும் 1995 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழியாக நாடுகளுக்கு இலவசமாகக் கிடைத்து வந்திருக்கிறது. மருந்தைக் கையில் கொடுத்து அதே செம்பனை நிரையில் வேலை செய்ய விட்டால் அவரும் குணமாவார், அறையில் உடன் தூங்கும் எட்டுப் பேருக்கும் பாதுகாப்பு. அந்த எட்டுப் பேருக்கும் ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால் நோய் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று வங்காளதேசத்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. 2018 முதல் உலகச் சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. துரத்திவிட்டால் அந்த எட்டுப் பேரும் தங்கள் திட்டை மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

சுங்கை பூலோவின் கிழக்குப் பகுதி வீடுகளைப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்காக 2007இல் இடித்தார்கள். எதிர்ப்புக் குரல் எழுந்தது. எஞ்சிய பகுதியை உலகப் பாரம்பரியத் தளப் பரிந்துரைப் பட்டியலில் மலேசியா பின்னர் சேர்த்தது.

நேயர்களில் யாருக்காவது, வீட்டில் வேலை செய்பவருக்கோ, கடையில் உதவியாளருக்கோ, தோட்டத்தில் உங்களுக்குக் கீழே பணிபுரியும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கோ ஆறு வாரத்துக்கு மேலாக மறையாத வெளிறிய திட்டோ சிவந்த திட்டோ இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அரசாங்க மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு நீங்களே உடன் அழைத்துப் போங்கள். தனியாகப் போகச் சொல்லாதீர்கள்.